மூன்றாவது கியரில் காணாமல் போன குதிரைகள்

டிராக் ரேஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது புகை, காது கிழியும் சத்தம், பின்னால் பாராசூட் விரித்து நிற்கும் நீளமான வண்டி. நான் சொல்லப்போவது அதைப் பற்றி அல்ல. தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிற அதே காரில், பின்சீட்டில் கிடக்கும் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, 402 மீட்டர் நேர்கோட்டில் ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்தி ஓட்டும் எளிய சமாச்சாரம். என் காரில் டர்போ கிடையாது. 150 குதிரைத்திறன், முன்சக்கர இழுவை, ஐந்து கியர் மேனுவல். பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

இதை ஏன் செய்கிறாய் என்று கேட்பவர்களிடம் வேகம், திரில் என்று ஏதாவது சொல்லி வைப்பேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம் வேறு. ஒரு காரில் ஒளிந்திருக்கும் கோளாறை வெளியே இழுத்துப் போட, இந்த ரேஸுக்கென்றே இருக்கும் நேர் ஓடுபாதையான டிராக் ஸ்ட்ரிப்பைப் போல ஓர் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சாலையில் நாம் ஒரு காரிடம் கேட்பது மிகக் குறைவு. சமதளத்தில் 80 கி.மீ. வேகத்தைத் தக்கவைக்க ஒரு சாதாரண காருக்கு 10 முதல் 15 குதிரைத்திறன் இருந்தால் போதும். ஓவர்டேக் செய்யும்போது இரண்டு மூன்று வினாடி நன்றாக அழுத்துவோம், அப்புறம் விட்டுவிடுவோம். அதனால் பியூயல் பம்ப், காயில், கிளட்ச், மவுண்டிங் எல்லாம் பாதி உயிரோடு இருந்தாலும் வண்டி 'நல்லாத்தான் ஓடுது'. மெக்கானிக்கிடம் காட்டினால் அவரும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு அதையேதான் சொல்வார். அவர் மேல் குற்றமில்லை. அந்த ஒரு ரவுண்டில் அவரும் வண்டியிடம் 30 குதிரைகளுக்கு மேல் கேட்டிருக்க மாட்டார். ஸ்ட்ரிப்பில் ஆரம்பம் முதல் கடைசி வரை, ஏறக்குறைய 16 வினாடி, இருக்கிற அத்தனை குதிரைகளையும் கேட்கிறோம். எது வரவில்லை என்பது அப்போதுதான் தெரிகிறது.

பொதுச்சாலையில் இதைச் செய்து பார்க்கும் ஆட்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை எதுவும் இல்லை. மாட்டிக்கொள்வார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. ஸ்ட்ரிப்பில் கோட்டைத் தாண்டிய பிறகு வேகத்தைக் குறைப்பதற்கென்றே நீண்ட பாதை இருக்கிறது. தீயணைப்பானும் ஆம்புலன்சும் இருக்கின்றன. எதிரே நாய் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே நேரத்தை அளக்கும் கருவி இருக்கிறது. அளக்காமல் வேகமாகப் போனால் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது.

அந்தக் கருவி தரும் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓடி முடித்துத் திரும்பும் வழியில் ஒரு சின்ன அறையிலிருந்து ஒருவர் நீட்டுவார். முதலில் ரியாக்‌ஷன் டைம். அது பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்ப எடுத்த நேரம். அடுத்து 60 அடி, அதாவது 18 மீட்டரைத் தொட எடுத்த நேரம். பிறகு 330 அடி. அப்புறம் 660 அடியில் நேரமும் வேகமும். அதுதான் எட்டில் ஒரு பங்கு மைல். அடுத்தது 1,000 அடி. கடைசியாக 1,320 அடியில், அதாவது கால் மைலில், மொத்த நேரமும் வேகமும். கடைசி வேகத்தை ஒரே புள்ளியில் அளப்பதில்லை. கோட்டுக்கு முந்திய 66 அடியைக் கடக்க எடுத்த நேரத்திலிருந்து சராசரியாகக் கணக்கிடுகிறார்கள்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. மொத்த நேரத்தை அளக்கும் கடிகாரம் பச்சை விளக்கு எரிந்ததும் ஓட ஆரம்பிப்பதில்லை. தொடக்கக் கோட்டில் தரையை ஒட்டிக் குறுக்கே ஓர் ஒளிக்கற்றை இருக்கும். முன் டயர் அதை மறைத்துக்கொண்டு நிற்கும். டயர் நகர்ந்து ஒளி மறுபடி தெரியும்போதுதான் கடிகாரம் தொடங்கும். பச்சை விழுந்த பிறகு மூன்று வினாடி மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டுக் கிளம்பினாலும் மொத்த நேரம் கெடாது. பக்கத்து லேன்காரரிடம் தோற்போம், அவ்வளவுதான். அதனால் வண்டியைச் சோதிக்க வருகிற நாளில் விளக்கைப் பற்றி நான் கவலைப்படுவதே இல்லை. பச்சை வந்ததும் ஒரு மூச்சு விட்டு, என்ஜின் சுற்று நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்களோ தெரியாது.

அந்த விளக்குக் கம்பத்தை 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்பார்கள். 1963இல் வந்தது. அதற்கு முன்னால் ஓர் ஆள் இரண்டு கார்களுக்கும் நடுவே நின்று கொடியை அசைப்பார். கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளிலும் பழைய விமானத் தளங்களிலும் இளைஞர்கள் ஓட்டிக்கொண்டிருந்ததை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர, 1951இல் வாலி பார்க்ஸ் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் என்கிற என்.எச்.ஆர்.ஏ. அமைப்பைத் தொடங்கினார். இன்றைக்கு உலகில் எங்கே டிராக் ரேஸ் நடந்தாலும் அதன் விதிகளில் பாதி அங்கிருந்து வந்தவைதான். 13.99 வினாடியிலோ அதற்கும் விரைவாகவோ ஓடினால் தலைக்கவசம் கட்டாயம் என்பது அவற்றில் ஒன்று. என் கார் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததே இல்லை. இருந்தாலும் தலைக்கவசம் போட்டுக்கொள்கிறேன்.

சீட்டில் இருக்கும் எண்களில் நான் முதலில் பார்ப்பது கடைசி வேகத்தைத்தான். நேரத்தை எல்லோரும் பார்ப்பார்கள், பீற்றிக்கொள்வார்கள். ஆனால் நேரம் பல விஷயங்களின் கலவை: டயர் வழுக்கியதா, கிளட்சை எப்படி விட்டோம், கியர் மாற்ற எவ்வளவு தாமதித்தோம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். கோட்டைத் தாண்டும் வேகம் அப்படியில்லை. தொடக்கத்தில் டயர் சுற்றி அரை வினாடி போனாலும் கடைசி வேகம் அவ்வளவாக மாறாது. அது பெரும்பாலும் என்ஜின் எவ்வளவு சக்தி தந்தது, வண்டி எவ்வளவு எடை என்கிற இரண்டை மட்டுமே சொல்லும். இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. குதிரைத்திறனை ஓட்டுநரோடு சேர்த்த எடையால், கிலோவில், வகுத்து, வருவதற்குக் கனமூலம் எடுத்து, 289ஆல் பெருக்கினால் கடைசி வேகம் கிட்டத்தட்ட கி.மீ. கணக்கில் வரும். என் கார் என்னோடு சேர்த்து 1,325 கிலோ. கணக்குப்படி 140 கி.மீ. அதே விகிதத்தைத் தலைகீழாக்கி, கனமூலம் எடுத்து 7.58ஆல் பெருக்கினால் நேரம்: 15.7 வினாடி.

சீட்டில் இருந்தது 16.1 வினாடி, 132 கி.மீ.

0.4 வினாடியை நான் பொருட்படுத்தவில்லை. அது என் காலில் இருக்கலாம். 8 கி.மீ. என் காலில் இருக்க வாய்ப்பில்லை. இந்தக் கணக்கில் சக்தி, வேகத்தின் மூன்றாம் அடுக்கோடு போகும். 132ஐ 140ஆல் வகுத்து, வருவதை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் 0.84. அதாவது 16 சதவீதம், ஏறக்குறைய 24 குதிரைகள் எங்கோ நின்றுவிட்டன. டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஐடிலிங் சீராக இருந்தது. சாலையில் ஒரு குறையும் கிடையாது.

இரண்டு மூன்று சீட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எங்கே நின்றன என்பதும் தெரிந்தது. பாதித் தூரத்தில், 660 அடியில், 10.2 வினாடி, 110 கி.மீ. இந்த எடைக்கும் சக்திக்கும் அங்கே 112 இருக்க வேண்டும். கிட்டத்தட்ட சரிதான். ஆக மொத்த இழப்பும் பிற்பாதியில், மூன்றாவது கியரில், என்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் போகும்போது.

கூட வந்த நண்பன் சீட்டைப் பார்க்காமலேயே தீர்ப்பு சொல்லிவிட்டான். "பிளக்கை மாத்துடா, எல்லாம் சரியாயிடும்." பிளக் மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவர்கள் ஒரு தனிச் சாதி. காற்று பில்டர், பெட்ரோலில் ஊற்றும் ஏதோ ஒரு டப்பா, பேட்டரியைக் கழற்றி மாட்டுவது, இவையெல்லாம் அவர்களுடைய மற்ற மருந்துகள். சில நேரம் பலிக்கவும் செய்யும், அதுதான் பிரச்சினை. எது பலித்தது என்று தெரியாது.

ஸ்ட்ரிப்பில் எல்லாரும் ஒப்புக்கொள்கிற, ஆனால் பாதிப் பேர் கடைப்பிடிக்காத சட்டம் ஒன்று உண்டு. ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்ற வேண்டும். டயரில் காற்றை 33 பி.எஸ்.ஐ.யிலிருந்து 28க்கு இறக்கினால், அந்த ஓட்டத்தில் கிளம்பும் சுற்றை மாற்றக் கூடாது. எழுதி வைக்க ஒரு நோட்டு வேண்டும். காற்றின் வெப்பம், டயர் அழுத்தம், எத்தனை சுற்றில் கிளம்பினோம், எத்தனையில் கியர் மாற்றினோம், எல்லாம் அதில் இருக்க வேண்டும். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்போம். ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்திவிட்டு வந்த மூளைக்கு நினைவாற்றல் கிடையாது.

சரி, 5,000 சுற்றுக்கு மேல் சக்தி வற்றுகிறது. எப்படி வற்றுகிறது என்பதைக் கவனிப்பதுதான் முதல் வேலை. தீப்பொறியை உண்டாக்கும் காயில் அல்லது பிளக்கில் கோளாறு என்றால் வண்டி உதறும், மிஸ்ஸிங் அடிக்கும். அதுவும் பெரும்பாலும் என்ஜினின் முறுக்குவிசை உச்சத்தில் இருக்கும் நடுச் சுற்றிலேயே தொடங்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும்போதுதான் தீப்பொறி தாண்டுவது கடினம். இங்கே உதறலே இல்லை. யாரோ மெல்ல ஆக்சிலரேட்டரைப் பிடுங்குவது போல இழுவை குறைந்துகொண்டே போனது. அப்படி நோகாமல் குறைந்தால் இரண்டே சந்தேகங்கள்: ஒன்று, காற்று போகும் வழியிலோ புகை வெளியேறும் வழியிலோ அடைப்பு, இல்லை, பெட்ரோல் போதவில்லை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்று போதும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகி, போனில் பதிவு செய்யலாம். முழு ஆக்சிலரேட்டரில் என்ஜின் கொஞ்சம் அதிகப் பெட்ரோலோடு ஓடும், காற்று 14.7 பங்குக்குப் பெட்ரோல் 1 பங்கு என்கிற சமநிலையை விட்டு, 12.5, 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்று போகும். அப்போது புகைவழியில் இருக்கும் சாதாரண ஆக்சிஜன் சென்சார் 0.9 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். புகைவழியில் அடைப்பு என்றால் காற்றும் குறையும், அதற்கேற்பப் பெட்ரோலும் குறையும், சென்சார் 0.9இலேயே இருக்கும். பெட்ரோல் மட்டும் குறைந்தால் சென்சார் சரியும்.

சரிந்தது. 5,500 சுற்று வரை 0.88, அதற்கு மேல் இறங்கி இறங்கி 0.6. இரண்டாவது கியரின் கடைசியிலும் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தது. ஆனால் அங்கே என்ஜின் அந்தச் சுற்றில் இருப்பது ஒரு வினாடிக்கும் குறைவு. மூன்றாவதில் பல வினாடி இருக்கிறது. அதனால்தான் அங்கே மட்டும் அடி விழுந்திருக்கிறது. அன்று அதோடு மூட்டை கட்டினேன். முழுச் சுமையில் பெட்ரோல் குறைவாக ஓடுவது சக்தி இழப்போடு நிற்கும் விஷயமில்லை. சிலிண்டருக்குள் வெப்பம் ஏறும், பெட்ரோல் கலவை தானாகவே வெடித்துத் தட்டும் நாக்கிங் வரும், கம்ப்யூட்டர் தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளி என்ஜினைக் காப்பாற்றப் பார்க்கும். அது காப்பாற்ற முடியாத கட்டத்தில் பிஸ்டனில் ஓட்டை விழும்.

பட்டறையில் மெக்கானிக் அண்ணன் பெட்ரோல் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினார். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் 3 பார், அச்சு அசலாக. "பம்ப் ஓகே தம்பி" என்றார். ஐடிலிங்கில் ஓகேதான். என் காரில் பம்ப் எப்போதும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தேவைக்கு மேல் வருவதை ரெகுலேட்டர் டேங்குக்கே திருப்பி அனுப்பிவிடும். ஐடிலிங்கில் என்ஜின் குடிப்பது துளி. வருவதில் பெரும்பகுதி திரும்பிப் போகிறது. அந்த நேரத்தில் பாதிச் செத்த பம்ப்கூட 3 பார் காட்டும். வீட்டில் ஒரு குழாய் மட்டும் திறந்திருந்தால் தண்ணீர் நன்றாகத்தான் வரும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தால்தான் தொட்டியின் லட்சணம் தெரியும்.

அதனால் கேஜை நீளமான ஹோஸோடு பானெட்டுக்கு வெளியே எடுத்து, கண்ணாடிக்கு வெளிப்புறம் வைப்பர் அடியில் டேப் போட்டு ஒட்டினோம். பெட்ரோல் ஹோஸைக் காருக்குள் மட்டும் கொண்டுவரக் கூடாது. கசிந்தால் மடியில்தான் கொட்டும். ஒரே ஓட்டம், மூன்றாவது கியரில் சக்தி வற்ற ஆரம்பித்ததும் காலை எடுத்துவிடுவது என்று முடிவு. முள் 3இல் நின்றது. மூன்றாவது கியரில் சுற்று ஏற ஏற இறங்கி, 2.2 வந்தது. காலை எடுத்தாயிற்று.

கணக்கும் பொருந்தியது. என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வழியாகப் பாயும் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போகும். 2.2ஐ 3ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.86. அதாவது 14 சதவீதம் பெட்ரோல் குறைவு. 12.6 பங்கு காற்று என்று இருந்த கலவை இப்போது 14.7ஐத் தொடுகிறது. சென்சார் 0.6க்கு வந்ததற்கு அதுதான் காரணம். இப்படி ஒரு சீட்டும் ஒரு கேஜும் ஒரு சென்சாரும் ஒரே பதிலைச் சொல்லும்போது வருகிற திருப்தி, சொன்னால் சிரிப்பீர்கள், ரேஸில் ஜெயிப்பதைவிடப் பெரிது.

இப்போது எல்லோரும் ஒரே குரலில் "பம்ப்". நண்பன், அண்ணன், பக்கத்தில் டீ வாங்கிக்கொண்டு நின்றவர் எல்லோரும். பம்ப் மாற்றுவதென்றால் பின்சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து, புதுப் பம்ப் வாங்கிப் போட வேண்டும். பின்சீட்டை எப்படியும் தூக்கத்தான் வேண்டும், தூக்கியதும் மீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்றேன். ஒரு மோட்டார் வேலை செய்யவில்லை என்றால் அது பழுதா, அதற்குக் கரண்ட் போதவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அண்ணன் பம்பின் கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைத்தார். பேட்டரியில் எவ்வளவோ அவ்வளவும் அங்கேயும் இருந்தது. "பாத்தீங்களா?" ஆனால் கனெக்டரைக் கழற்றிவிட்டால் கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாத வயரில் வோல்ட்டேஜ் குறையாது. துருப்பிடித்து ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயர்கூட மீட்டருக்கு முழு வோல்ட்டையும் காட்டும். மீட்டர் கேட்கும் கரண்ட் அவ்வளவு சொற்பம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, கனெக்டர் மாட்டியபடியே, பின்பக்கம் வழியாக மெல்லிய ஊசியை நுழைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தோம். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரியில் 14.1 வோல்ட். பம்பின் இரண்டு முனைக்கும் இடையில் 11.6. நடுவே 2.5 வோல்ட் எங்கோ போகிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், நீளமான ஒரு வயரைக் கட்டி மறு முனையைப் பம்பின் பாசிட்டிவிலும் வைத்தால் 0.4. ரிலே, பியூஸ், இவ்வளவு தூர வயர் எல்லாம் தாண்டி வருவதற்கு 0.4 பரவாயில்லை. பேட்டரி நெகட்டிவிலிருந்து பம்பின் எர்த்துக்கு வைத்தால் 2.1. எர்த்தில் 0.2க்கு மேல் இருந்தாலே யோசிக்க வேண்டும்.

வயரைப் பிடித்துக்கொண்டே போனோம். கார்பெட்டுக்கு அடியில், பின்சக்கர வளைவின் ஓரமாக, பாடியில் ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. எப்போதோ அந்தப் பக்கம் தண்ணீர் இறங்கியிருக்கிறது. போல்ட்டின் தலை பழுப்பாக இருந்தது. வளையத்தைத் தூக்கிப் பார்த்தால் செம்பு இழைகள் பச்சைப் பொடியாகியிருந்தன, அடியில் பாடியில் துரு பொருக்குத் தட்டியிருந்தது. கையால் அசைத்தால் அசைந்தது. பம்ப் இழுக்கும் கரண்ட் 8 ஆம்பியர், 2.1ஐ 8ஆல் வகுத்தால் கால் ஓம்தான் வருகிறது. கால் ஓம் தடையை சாதாரண மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது, மீட்டரின் சொந்த வயர்களே கிட்டத்தட்ட அவ்வளவு காட்டும். கரண்டை ஓடவிட்டு வோல்ட்டேஜ் பார்த்ததால் சிக்கியது.

உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, வயரை நல்ல செம்பு வரும் இடம்வரை வெட்டி, புது வளையம் வைத்து நசுக்கி, முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினோம். பம்பில் 13.5 வோல்ட். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மீட்டரைத் துடைத்து டப்பாவில் வைத்தார். நண்பன் மட்டும், "இருந்தாலும் பிளக்கையும் ஒரு தடவை..." என்று இழுத்தான்.

அடுத்து ஸ்ட்ரிப்புக்குப் போனபோது மற்ற எதையும் மாற்றவில்லை. அதே டயர் அழுத்தம், அதே கிளம்பும் சுற்று. 660 அடியில் 10.1 வினாடி, 112 கி.மீ. கோட்டில் 15.8 வினாடி, 139 கி.மீ. சென்சார் கடைசி வரை 0.88.

24 குதிரைகள் திரும்பி வந்தால் அதுவரை சும்மா இருந்த பாகங்களுக்கு வேலை வந்துவிடும். சக்தி ஏறினால் அடுத்த பலவீனமான இடம் தெரியும் என்பது டிராக் ரேஸில் எழுதப்படாத விதி. என் விஷயத்தில் கிளம்பும்போது முன்சக்கரங்கள் துள்ள ஆரம்பித்தன. வழுக்குவது வேறு, துள்ளுவது வேறு. வழுக்கினால் சக்கரம் ஒரே சீராகச் சுற்றும், சத்தம் கீச்சென்று ஒரே மாதிரி இருக்கும். துள்ளினால் தடதடவென்று டாஷ்போர்டே கழன்று விழுகிற மாதிரி அதிரும். டயர் பிடிக்கிறது, விடுகிறது, பிடிக்கிறது, விடுகிறது. ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் ஆக்ஸிலுக்கு ஒரு சுத்தியல் அடி. சாதாரணக் கார்களில் ஆக்ஸில் ஒடிவது பெரும்பாலும் இப்படித்தான். துள்ள ஆரம்பித்தால் அந்த ஓட்டத்தை அப்படியே கைவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும்.

முன்சக்கர இழுவைக் காரில் இதற்கு முதல் சந்தேகம் என்ஜின் மவுண்டிங். குறிப்பாகக் கீழே பின்பக்கம் இருக்கும், என்ஜின் முன்னும் பின்னும் ஆடாமல் பிடிக்கும் மவுண்டிங். பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, பிரேக்கையும் மிதித்தபடி உள்ளே ஒருவர் முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டால், பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு என்ஜின் எவ்வளவு புரள்கிறது என்று தெரியும். காருக்கு நேர் முன்னால் நிற்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். என் என்ஜின் பாதி தூக்கத்தில் எழுந்திருப்பவரைப் போலச் சாய்ந்தது. கழற்றிப் பார்த்தால் ரப்பர் நடுவில் கிழிந்திருந்தது. புது மவுண்டிங் போட்டதும் துள்ளல் முக்கால்வாசி போனது. மீதியை டயர் அழுத்தத்தை 28இலிருந்து 30க்கு ஏற்றியதும், 3,000 சுற்றுக்குப் பதில் 2,500இல் கிளம்பியதும் பார்த்துக்கொண்டன, தனித்தனி ஓட்டங்களில்.

முன்சக்கர இழுவைக் காரை டிராக்கில் ஓட்டுவதே கொஞ்சம் எதிர்நீச்சல்தான். கிளம்பும்போது எடை பின்னுக்குப் போகும். இழுக்க வேண்டிய சக்கரங்கள் லேசாகும். அதனால் முதல் 60 அடியில் என் கார் 2.3 வினாடிக்குக் கீழே வருவதே பெரிய விஷயம். அங்கே ஒரு பத்தில் ஒரு வினாடி மிச்சம் பிடித்தால் கோட்டில் ஒன்றரைப் பங்கு, சில நேரம் இரண்டு பங்காகத் திரும்ப வரும். ரேஸ் கார்கள் சக்கரத்தைத் தண்ணீரில் நனைத்துப் புகைய விடுவதைப் பார்த்து சாலை டயரோடு அதே தண்ணீருக்குள் போகிறவர்கள் உண்டு. வேண்டாம். சாலை டயரின் பள்ளங்கள் தண்ணீரை அள்ளிக்கொண்டு நேரே தொடக்கக் கோட்டுக்கு வந்து சேரும். நமக்கும் வழுக்கும், அடுத்து வருபவருக்கும் வழுக்கும். தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போய், ஒட்டியிருக்கும் கல் மண் போக ஒரு முறை சக்கரத்தைச் சுற்றவிட்டால் போதும்.

இவ்வளவு செய்தும் 15.8தானா என்று கேட்கலாம். பக்கத்து லேனில் 11 வினாடியில் ஓடுகிற கார் நிற்கும்போது 15.8ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குத்தான் பிராக்கெட் ரேஸ். ஒவ்வொருவரும் தன் கார் எவ்வளவு நேரத்தில் ஓடும் என்று முன்கூட்டியே கண்ணாடியில் எழுதிவிட வேண்டும், அது டயல்-இன். நான் 15.80, அவர் 11.30 என்றால் எனக்குப் பச்சை விளக்கு நாலரை வினாடி முன்னதாக எரியும். இருவரும் சொன்னபடி ஓடினால் கோட்டில் கிட்டத்தட்ட ஒன்றாக வருவோம். எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. ஆக வேகமான கார் ஜெயிப்பதில்லை, சொன்னது சொன்னபடி ஓடுகிற கார்தான் ஜெயிக்கும். இதில் கோளாறுள்ள கார் ஒளிய முடியாது. எர்த் சூடாகும்போது ஒரு தடையும் ஆறியபின் வேறு தடையும் காட்டுகிற கார், காலையில் 15.9 ஓடி மதியம் 16.2 ஓடும். அதை வைத்துக்கொண்டு கண்ணாடியில் என்ன எழுதுவது?

வெப்பமும் அதே மாதிரி விளையாடும். உள்ளே இழுக்கும் காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். வரிசையில் ஏசி போட்டுக்கொண்டு நின்றுவிட்டுப் போகும் ஓட்டமும், பானெட்டைத் திறந்து ஆறவிட்டுப் போகும் ஓட்டமும் ஒன்றாக இருக்காது. நான் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கூலன்ட் ஒரே வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்கிறேன். அதனால் எனக்கு வேகம் கிடைப்பதில்லை, ஒரே மாதிரியான எண் கிடைக்கிறது. கூலன்ட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: வீட்டிலிருந்து கிளம்பும் முன் எங்கேயாவது கசிகிறதா என்று கீழே படுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். ஓடுபாதையில் ஒரு கார் எண்ணெயோ தண்ணீரோ கொட்டினால் அதைத் துடைத்து முடிக்கும்வரை அத்தனை பேரும் வெயிலில் நிற்க வேண்டும். அவர்கள் உங்கள் முகத்தை மறக்க மாட்டார்கள்.

இப்போது என் காரில் இரண்டு விஷயங்கள் பாக்கி. ஸ்கேனர் பதிவில் என்ஜின் சுற்றை வேகத்தால் வகுத்துப் பார்த்தால் மூன்றாவது கியரில் எப்போதும் 45.5 வர வேண்டும். அந்த எண் பல் சக்கரங்களில் பொறித்திருக்கிறது, மாற வழியில்லை. சமீபத்தில் கியர் மாற்றிய அடுத்த அரை வினாடி 48 வருகிறது. அதாவது என்ஜின் சுற்றுகிறது, கிளட்ச் முழுசாகப் பிடிக்கவில்லை. சாலையில் இதன் வாடைகூட இல்லை. இரண்டாவது, இரண்டிலிருந்து மூன்றுக்கு வேகமாகப் போட்டால் லேசான கரகரப்பு. கியர் ஆயிலை இறக்கினேன். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும். அது எல்லாக் காரிலும் இருப்பதுதான். ஆனால் ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பொன்னிறத்தில் பொடி மின்னுகிறது. காந்தத்தில் ஒட்டாத அந்தப் பொடி பித்தளை, கியர் மாறும்போது சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ வளையம் தேய்கிறது.

இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஒரே தடவை இறக்கி இரண்டையும் முடித்துவிடலாம் என்று அண்ணனும் நானும் பேசி வைத்திருக்கிறோம், சாமான் வரட்டும். அதுவரை கியரை அவசரப்படுத்தாமல் மாற்றுகிறேன், கிளட்ச் நழுவும் அந்த அரை வினாடிக்கு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். 0.2 வினாடி போகிறது, ஆனால் எல்லா ஓட்டத்திலும் அதே 0.2 போகிறது. கண்ணாடியில் இப்போது 16.00 என்று எழுதியிருக்கிறேன்.